பேஸ்பாலைத் திருப்பிப் போட்ட தருணங்கள்: ஒரு கிரிக்கெட் ரசிகரின் கேள்விக்குப் பதில்

பேஸ்பால் வரலாற்றின் முக்கியமான தருணங்கள் எவை, கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபில் தேடினால் பத்து நிமிட வீடியோக்கள் நிறையக் கிடைக்கும், எல்லாவற்றிலும் கடைசி இன்னிங்ஸில் யாராவது ஒருவர் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடிப்பார், கூட்டம் மைதானத்துக்குள் ஓடி வரும். அவையும் அருமைதான், நானும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆனால் பல வருடமாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, யார் ஆடலாம், ஆடுபவன் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் பேஸ்பாலின் பெரிய திருப்பங்கள் நடந்திருக்கின்றன. அதனால் என் பதிலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி 1869ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1876இல் நேஷனல் லீக் தொடங்கியது, 1901இல் அமெரிக்கன் லீக் போட்டிக்கு வந்தது (இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மேஜர் லீக் என்பார்கள்), இரண்டின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸ் 1903இல் முதல்முறை நடந்தது. இதற்கு நடுவில் 1879இல் நடந்த ஒரு விஷயம்தான் முக்கியம். அணி முதலாளிகள் ரகசியமாகக் கூடி, ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அவர்களைத் தொடக்கூடாது என்று பேசி முடித்தார்கள். ஐந்து பேர் என்பது போகப்போக எல்லோரும் என்று ஆகி, 'ரிசர்வ் கிளாஸ்' என்ற பெயரில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உட்கார்ந்துகொண்டது. வருட ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் வேறு அணிக்குப் போக முடியாது. அணி அவனை விற்கலாம், மாற்றலாம், வேண்டாம் என்று அனுப்பலாம், ஆனால் அவனாக எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

1919இல் சூதாட்டம், பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்கும் திட்டம். கிரிக்கெட்டில் 2000ஆம் ஆண்டு வந்த அதிர்ச்சி உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, அதே அதிர்ச்சி பேஸ்பாலுக்கு எண்பது வருடம் முன்பே வந்துவிட்டது. சிகாகோ வைட் சாக்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் மோதிய வேர்ல்ட் சீரிஸ் அது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஹோட்டல் அறையில் வைட் சாக்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எடி சிகாட்டியின் தலையணைக்கு அடியில் 10,000 டாலர் வந்து சேர்ந்தது. மறுநாள் எதிரணியின் முதல் பேட்டருக்கு அவர் வீசிய இரண்டாவது பந்து நேராகப் பேட்டரின் முதுகைத் தாக்கியது. திட்டம் நடக்கிறது என்று சூதாடிகளுக்கு அதுதான் சைகை. முதலாளி சார்லஸ் கோமிஸ்கி கஞ்சன், சம்பளம் போதாமல்தான் இவர்கள் விலை போனார்கள் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு சம்பளக் கணக்குகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அந்த லீகிலேயே அதிகமாகக் கொடுத்த அணிகளில் வைட் சாக்ஸும் ஒன்று. ஆக, வறுமையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இதில் சிக்கியவர்கள் வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். 1921 ஆகஸ்டில் நீதிமன்றம் தான் விசாரித்த ஆட்டக்காரர்களை விடுதலை செய்தது. பேஸ்பாலின் முதல் கமிஷனராக, அதாவது ஆட்டத்தை நிர்வகிக்கும் தலைவராக, அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த கென்னசா மவுண்டன் லேண்டிஸ், அவரும் ஒரு நீதிபதிதான், மறுநாளே எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார். அதில் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் அந்தத் தொடரில் 12 ஹிட் (பந்தை அடித்துவிட்டு, 'பேஸ்' என்ற நிலைக்கு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்வது) அடித்திருந்தார், தொடரின் ஒரே ஹோம் ரனும் அவருடையது, ஆனாலும் பணம் வாங்கியிருந்தார். பக் வீவர் பணம் வாங்கவில்லை, விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அவர் மேல் குற்றம். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஆயுள் தடை ஆயுளோடு முடிகிறது என்று 2025 மே மாதம்தான் இப்போதைய கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் அறிவித்தார். ஜாக்சன் இறந்து 73 வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சூதாட்டத் தொடருக்கு அடுத்த வருடம், 1920 ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கிளீவ்லாண்டின் ரே சாப்மன் பேட் செய்ய நின்றார், நியூயார்க் யாங்கீஸின் கார்ல் மேஸ் வீசினார். மேஸ் கையைத் தரைமட்டத்துக்கு இறக்கி, கிட்டத்தட்ட அடியிலிருந்து வீசுபவர். அந்தக் காலத்தில் ஒரே பந்தை ஆட்டம் முழுக்க ஓட்டுவார்கள், பிட்சர்கள் அதில் மண்ணையும் புகையிலை எச்சிலையும் தேய்ப்பார்கள், மாலை வெளிச்சத்தில் அந்தப் பழுப்புப் பந்து கண்ணுக்கே தெரியாது. சாப்மன் நகரவே இல்லை. பந்து அவர் தலையில் பட்ட சத்தம் அவ்வளவு பலமாக இருந்ததால், பேட்டில்தான் பட்டது என்று நினைத்த மேஸ், உருண்டு வந்த பந்தை எடுத்து அவுட் செய்வதற்காக முதல் பேஸுக்கு எறிந்தார். மறுநாள் அதிகாலை சாப்மன் இறந்துபோனார். மேஜர் லீகில் பந்து பட்டு இறந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். பந்து அழுக்கானால் உடனே மாற்ற வேண்டும் என்று அம்பயர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போனது. ஹெல்மெட்? அது எல்லோருக்கும் கட்டாயமாக இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று. 2014இல் பில் ஹியூஸ் இறந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சாப்மன்தான்.

வெள்ளைப் பந்து, எச்சில் பந்துக்குத் தடை, அப்புறம் பேப் ரூத். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேசி அவரை 1,00,000 டாலருக்கு யாங்கீஸுக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. அந்த சீசனில் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார், லீகில் அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், ரூத்தைப் பற்றி மேற்கொண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை. ரெட் சாக்ஸ் அதன் பிறகு 2004 வரை வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்கவில்லை.

1941ஐ மட்டும் ஒரு தனி வருடமாகச் சொல்ல வேண்டும். ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தது அந்த வருடம்தான், இன்னும் யாரும் நெருங்கவில்லை. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது டெட் வில்லியம்ஸின் கடைசி நாள். பேஸ்பாலில் பத்து முயற்சிக்கு நான்கு ஹிட், அதாவது .400 சராசரி என்பது ஒரு சீசன் முழுக்கத் தாக்குப்பிடிக்கவே முடியாத உயரம். கடைசி நாள் காலையில் வில்லியம்ஸின் சராசரி .39955. கணக்குப் புத்தகத்தில் அது .400 என்றே பதிவாகும். வேண்டுமானால் இன்று உட்கார்ந்துகொள், சாதனை பத்திரமாக இருக்கும் என்று அணியை நடத்தும் மேனேஜர் ஜோ க்ரோனின் சொன்னார். வில்லியம்ஸ் மாட்டேன் என்றார். பிலடெல்பியாவில் அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் ஆடினார், எட்டு முயற்சியில் ஆறு ஹிட், சராசரி .406. அப்போது அவருக்கு வயது 23. அந்த இரண்டு லீகிலும் அதன் பிறகு ஒருவர்கூட .400ஐத் தொடவில்லை.

'அந்த இரண்டு லீகிலும்' என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். அவற்றில் அப்போது கறுப்பினத்தவர் யாருக்கும் இடமில்லை. எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் கிடையாது, முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான், ஆனால் அது அறுபது வருடம் நின்றது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். சாச்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்றவர்கள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள், கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்காத ஊர்களில் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். கிப்சன் 1943இல் அடித்த சராசரி .466.

ஜாக்கி ராபின்சன் கதைக்கு வருவோம். ப்ரூக்ளின் டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்டில் அவரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் பேசினார்கள். ரிக்கி தானே எதிரணி ஆட்டக்காரனாக, ஹோட்டல் குமாஸ்தாவாக, ரசிகனாக நடித்து ராபின்சனின் முகத்துக்கு நேராக நின்று திட்டிக் காட்டினார். இதையெல்லாம் வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ளவன்தான் எனக்கு வேண்டும் என்றார். ராபின்சன் அமைதியான சுபாவம் கொண்டவர் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ராணுவத்தில் இருந்தபோது பஸ்ஸில் பின் இருக்கைக்குப் போகச் சொன்னதை மறுத்து, ராணுவ விசாரணையைச் சந்தித்து, விடுதலையாகி வந்தவர் அவர்.

1947 ஏப்ரல் 15, எபெட்ஸ் ஃபீல்ட். முதல் ஆட்டத்தில் அவர் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினார், அவர் வேகத்துக்குப் பதறி எதிரணி தவறாக எறிந்தது, அடுத்தவர் அடித்த ஹிட்டில் முன்னிலைக்கான ரன்னை எடுத்தார். அந்த ஓட்டம்தான் ராபின்சன். ஒரு வாரம் கழித்து பிலடெல்பியா ஃபில்லீஸ் வந்தது. அதன் மேனேஜர் பென் சாப்மன், முன்னே சொன்ன ரே சாப்மன் இல்லை, இவர் வேறு, தன் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பெஞ்சிலிருந்து காது கூசும் வார்த்தைகளைக் கத்திக்கொண்டே இருந்தார். வாக்குக் கொடுத்தபடி ராபின்சன் பேசவில்லை. கடைசியில் பேசியது எடி ஸ்டான்கி. ராபின்சன் அணிக்குள் வருவதையே விரும்பாதவராக இருந்தவர், அன்று எதிரணியைப் பார்த்து, திருப்பிப் பேச முடியாதவனிடம் ஏன் மோதுகிறீர்கள், கோழைகளா என்று கத்தினார். டாட்ஜர்ஸை ஒரே அணியாக்கியதில் பென் சாப்மனுக்குத்தான் பெரிய பங்கு என்று ரிக்கி பிறகு சொன்னார். பிலடெல்பியா நகர சபை 2016இல் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

ராபின்சனைக் கொண்டாடும்போது வழக்கமாக விட்டுவிடும் பக்கம் ஒன்று இருக்கிறது. அவர் அதற்கு முன் ஆடிய கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மேஜர் லீகுக்குப் போக, கூட்டமும் பின்னாலேயே போக, நீக்ரோ லீகுகள் சில வருடங்களில் சரிந்தன. கறுப்பின முதலாளிகளும் மேனேஜர்களும் நடத்திய ஒரு பெரிய தொழிலே அதோடு காணாமல் போனது. ஜாஷ் கிப்சன் ராபின்சன் மேஜர் லீகில் ஆடுவதைப் பார்க்காமலே, அதே 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். 2024 மே மாதம் மேஜர் லீக் நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் பதிவேட்டில் சேர்த்தபோது, டை காப் நூறு வருடம் போல வைத்திருந்த வாழ்நாள் சராசரி சாதனை .367 கீழே இறங்கி, கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. ஒற்றை சீசன் சாதனையும் இப்போது அவருடைய அந்த .466தான்.

1951இல் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னை எல்லாப் பட்டியலிலும் பார்ப்பீர்கள், ஜயண்ட்ஸ் டாட்ஜர்ஸை வீழ்த்திய அடி. அந்த சீசனில் ஜயண்ட்ஸ் மைதானத்தின் கோடியில் டெலஸ்கோப் வைத்து, எந்தப் பந்து வீச வேண்டும் என்று எதிரணி கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) காட்டும் சைகைகளைத் திருடியது ஐம்பது வருடம் கழித்து வெளியே வந்தது. சைகை தெரிந்தாலும் பந்தை அடித்தாக வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வீடியோவை முன்பு போல ரசிக்க என்னால் முடிவதில்லை.

இப்போது ரிசர்வ் கிளாஸுக்குத் திரும்புகிறேன். என்னைக் கேட்டால் பேஸ்பாலின் மிகப்பெரிய தருணம் ஒரு கடிதம். கர்ட் ஃபிளட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் சென்டர் ஃபீல்டர். பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் ஆடியவர், இரண்டு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தவர், தொடர்ந்து ஏழு வருடம் சிறந்த ஃபீல்டர் விருது வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டதாக அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் சொன்னார். அவருக்குச் சம்பளக் குறை எதுவும் இல்லை. கார்டினல்ஸ் 90,000 டாலர் கொடுத்தது, பிலடெல்பியா அதைவிட அதிகமாகவே கொடுக்கத் தயாராக இருந்தது. டிசம்பர் 24 அன்று கமிஷனர் போவி கூனுக்கு எழுதினார்: பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கப்படும் ஒரு சொத்தாக என்னை நான் நினைக்கவில்லை. வருடத்துக்கு 90,000 டாலர் வாங்கும் நீங்கள் அடிமை மாதிரி பேசலாமா என்று டிவியில் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார்.

ஃபிளட் மாற மறுத்து வழக்குப் போட்டார். ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: வழக்கில் தோற்பாய், உன் ஆட்ட வாழ்க்கையும் போய்விடும். ஜெயித்தால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு நன்மை உண்டா என்று ஃபிளட் திருப்பிக் கேட்டார். உண்டு என்றதும், அது போதும் என்றார். விசாரணையின்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஓய்வுபெற்றிருந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு மட்டும் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு இருப்பது முரண்தான், ஆனால் சரிசெய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று கையை விரித்துவிட்டது. மில்லர் சொன்ன மாதிரியே ஆனது. ஃபிளட் 1971இல் வாஷிங்டனுக்காகப் பதிமூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார், முடியவில்லை, நாட்டை விட்டே போய்விட்டார்.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று வருடம் கழித்து, 1975 டிசம்பரில், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில், ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிக்கலாம், ஆயுள் முழுக்க நீட்டிக்க முடியாது என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், ஆனால் தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1879இல் தொடங்கியது அன்று முடிந்தது. 2023 கடைசியில் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்தெடுத்துப் பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட முடிந்ததென்றால், அதற்கு வழி திறந்தது இந்தத் தீர்ப்பு. அதற்குத் தைரியம் கொடுத்தது அந்தக் கடிதம்.

அடுத்து, அட்லாண்டா அணியின் ஹாங்க் ஆரோன். 1973 சீசன் முடிந்தபோது அவருடைய வாழ்நாள் கணக்கு 713 ஹோம் ரன், ரூத்தின் 714க்கு ஒன்று குறைவு. அந்தக் குளிர்காலம் முழுக்க மூட்டை மூட்டையாகக் கடிதங்கள், அதில் கொலை மிரட்டல்கள், பிள்ளைகளைக் கடத்துவோம் என்ற மிரட்டல்கள். ஒரு கறுப்பினத்தவர் ரூத்தைத் தாண்டுவதை அவ்வளவு பேரால் பொறுக்க முடியவில்லை. 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா, நான்காவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸின் அல் டௌனிங் வீசிய பந்து வேலியைத் தாண்டியது. 715. ஆரோன் சிரிக்காமல், தலை குனிந்தபடி பேஸ்களைச் சுற்றி ஓடினார். இரண்டாவது பேஸ் தாண்டியதும் இரண்டு இளைஞர்கள் கூட்டத்திலிருந்து குதித்து ஓடி வந்து அவர் முதுகில் தட்டினார்கள். அவருக்குக் காவலாக இருந்த போலீஸ்காரர் கேலரியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார், அந்த ஒரு நொடியில் இவர்கள் வாழ்த்த வந்தவர்கள்தான் என்று முடிவுசெய்து துப்பாக்கியை எடுக்காமல் விட்டார். ஹோம் பிளேட்டில் ஆரோனின் அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லாம் முடிந்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்பதுதான் ஆரோன் சொன்னது. இதில் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிகிறது, அதைக் கேட்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, 1904க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. மறு வருடம் அதை முடித்துவைத்த தடை உத்தரவைப் போட்டவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர். 1998இல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66, 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 என்று ஹோம் ரன் மழை, அதன் பின்னால் ஊக்கமருந்து. ஆரோனின் 755ஐப் பாண்ட்ஸ் 2007இல் தாண்டி 762இல் முடித்தார். பதிவேட்டில் அதுதான் இருக்கிறது, ஆனால் ஹோம் ரன் மன்னன் யார் என்று கேட்டால் நான் ஆரோன் என்றுதான் சொல்வேன். 2004இல் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்ற பிறகு நான்கையும் ஜெயித்தது, 2016இல் சிகாகோ கப்ஸ் 108 வருடம் கழித்துச் சாம்பியன் ஆனது, இரண்டுமே உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டியவை.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். எதிரணியின் 27 பேட்டர்களையும் ஒருவரைக்கூடப் பேஸுக்கு விடாமல் அவுட் செய்தால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'. மேஜர் லீக் வரலாற்றிலேயே மொத்தம் 24தான் நடந்திருக்கின்றன. அர்மாண்டோ கலாராகா 26 பேரை முடித்துவிட்டார். 27ஆவது பேட்டர் தரையோடு அடித்தார், முதல் பேஸில் பந்தை வாங்கியதும் கலாராகாதான், ஓடி வந்தவர் ஒரு அடி பின்னால் இருந்தார், தெளிவான அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து நாட் அவுட் என்றார். மைதானமே கத்துகிறது, கலாராகா அவரைப் பார்த்து ஒரு புன்னகை மட்டும் செய்துவிட்டுத் திரும்பி நடந்து, அடுத்த பேட்டரை அவுட் செய்து ஆட்டத்தை முடித்தார். ரீப்ளே பார்த்த ஜாய்ஸ், அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று நிருபர்களிடம் ஒத்துக்கொண்டு, கலாராகாவைப் பார்த்து அழுதார். மறுநாள் மதியமும் அவர்தான் அம்பயர். அணிப் பட்டியலைக் கொடுக்க டெட்ராய்ட் கலாராகாவையே அனுப்பியது, ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கமிஷனர் முடிவை மாற்றவில்லை. கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரி மேனேஜர் மேல்முறையீடு செய்யும் வசதி பேஸ்பாலுக்கு 2014இல்தான் வந்தது.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்றால், ஆரோனின் 715ஐ வின் ஸ்கல்லியின் வர்ணனையோடு தேடிப் பாருங்கள். பந்து வேலியைத் தாண்டியதும் அவர் மைக்கை விட்டு விலகிப்போய், கூட்டத்தின் சத்தத்தை மட்டும் ரொம்ப நேரம் கேட்கவிடுவார். அதற்குப் பிறகு, தென் மாநிலத்தில் ஒரு கறுப்பினத்தவருக்காக ஊரே எழுந்து நின்று கைதட்டுகிறது என்று அவர் சொல்லும் இடம் வரும். அடுத்து கலாராகாவின் ஆட்டம், கடைசி இன்னிங்ஸ் மட்டும் போதும். அப்புறம் ஓடானி 2024 செப்டம்பர் 19 அன்று மயாமியில் ஆடிய ஆட்டம், ஆறு முயற்சி, ஆறு ஹிட், மூன்று ஹோம் ரன். விதிமுறை முழுக்கத் தெரியாவிட்டாலும் இந்த மூன்றும் புரியும். எங்காவது சிக்கினால் கேளுங்கள், சொல்கிறேன்.